படங்களைச் சுருக்கி அனுப்பும் விஞ்ஞானம்

2021ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதியன்று திருப்பதியில் பெய்த மழை, அந்நகர மக்கள் எளிதில் மறக்கக்கூடியதன்று. வங்கக் கடலில் உருவாகி மேற்கு நோக்கி நகர்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாள் அதிகாலையில்தான் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்குள்ளாகவே திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் மூடப்பட்டன. தெருக்களில் வெள்ளம் புகுந்தது. சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்து ஓடிற்று. சில தினங்களில், திருப்பதிக்கு அண்மையிலுள்ள இராயல செருவு என்னும் பழைய ஏரியின் கரையில் நீர்க்கசிவு காணப்படவே, அதன் கீழுள்ள ஊர்களில் வசித்தோர் மேடான இடங்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர்.

இத்தகைய சமயங்களில் மக்கள் நாடும் படங்கள் இரண்டு. ஒன்று, இன்சாட் துணைக்கோள் எடுத்தனுப்பும் மேகப்படம். மற்றொன்று, டாப்ளர் ராடார் காட்டும் மழைப்படம். இந்திய வானிலை ஆய்வுத் துறை இவற்றைத் தனது வலைத்தளத்தில் உடனுக்குடன் வெளியிடுகின்றது. ஆனால் வெளியிடுவது வேறு. அது குப்பம், பலமநேர்ப் பகுதிகளின் மலையோரச் சிற்றூரில் நிற்கும் கிராம வேளாண் உதவியாளரின் கைபேசியை அடைவது வேறு. மழையில் மின்சாரம் தடைப்பட்டிருக்கும். அலைபரப்புக் கோபுரங்களில் சில செயலற்றிருக்கும். எஞ்சிய கோபுரத்தை அனைவரும் ஒரே வேளையில் நாடுவர். பக்கத்திலுள்ள சொற்கள் முதலில் வந்துவிடுகின்றன. படம் இருக்க வேண்டிய இடமோ வெற்றுக் கட்டமாகவே நிற்கின்றது. படம் முழுவதும் வந்து சேர்வதற்குள் மேகம் வேறிடம் சென்றுவிடுமாயின், அதனால் விளையும் பயன் யாது?

இத்தாமதத்தின் காரணத்தை எளிய கணக்கினால் அறியலாம். கணிப்பொறியைப் பொறுத்தவரை, படம் என்பது வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட புள்ளிகளின் கூட்டமேயாகும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வண்ணங்களின் அளவைக் குறிக்க மூன்று எண்கள், அதாவது மூன்று பைட்டுகள் தேவை. சாதாரணக் கைபேசிக் காமிரா எடுக்கும் படத்தில் குறுக்கே 4,000 புள்ளிகளும் நெடுக்கே 3,000 புள்ளிகளும் இருக்குமெனில், மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள். ஒரு பைட்டு எட்டு பிட்டுகளைக் கொண்டது. வினாடிக்குப் பத்து லட்சம் பிட்டுகள் செல்லக்கூடிய மெலிந்த இணைப்பில் இதனை அப்படியே அனுப்பினால், போய்ச் சேர 288 வினாடிகள், அதாவது ஏறக்குறைய ஐந்து நிமிஷங்கள் பிடிக்கும். ஒரே ஒரு படத்திற்கு இவ்வளவு!

நல்ல வேளையாக, இவ்வெண்களிற் பெரும்பகுதி வீண் திரும்பக் கூறலாகும். நீல வானத்தின் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகச் சொற்பம். ஆயிரம் வெள்ளைப் புள்ளிகள் தொடர்ந்து வருமாயின், வெள்ளை என்று ஆயிரம் தடவை எழுதுவதைக் காட்டிலும், “வெள்ளை, ஆயிரம்” என்று ஒரே முறை எழுதுவது சிக்கனமன்றோ? தந்தி முறையில் ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துக்கு ஒரே புள்ளியும், அரிதாக வரும் எழுத்துக்கு நீண்ட குறியும் வைத்ததும் இச்சிக்கனத்தை நாடியே. அமெரிக்காவில் மாணவராக இருந்த டேவிட் ஹஃப்மன் என்பார், எந்தக் குறிக்கு எவ்வளவு நீளம் தருவது மிகச் சிக்கனமானது என்பதைக் கணக்கிடும் வழியைக் கண்டு 1952இல் வெளியிட்டார். அம்முறை இன்றளவும் வழக்கிலுள்ளது.

இவ்வாறு எதனையும் இழக்காமல் சுருக்குவது ஒரு வகை. 1987இல் தோன்றிய ஜி.ஐ.எஃப்., 1996இல் தோன்றிய பி.என்.ஜி. ஆகிய உருவங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஜி.ஐ.எஃப். உருவில் 256 வண்ணங்களுக்கு மேல் இடமில்லை. அதைக் குறையென்று சொல்வாருண்டு. ஆயினும் ராடார் படத்தைப் பாருங்கள்: மழையின் கடுமைக்கேற்பப் பத்துப் பதினைந்து வண்ணங்கள், மாவட்ட எல்லைக் கோடுகள், ஊர்ப் பெயர்கள், அவ்வளவே. சென்னை ராடாரின் படங்கள் ஜி.ஐ.எஃப். உருவில் வெளியிடப்பட்டு வந்திருப்பது பொருத்தமே. மேகப்படத்தின் தன்மை வேறு. அதில் வெண்மைக்கும் கருமைக்கும் இடையே எண்ணற்ற சாயல்கள் ஒன்றிலொன்று கரைந்து செல்கின்றன. இங்கே இழப்பின்றிச் சுருக்கும் முறை அதிகம் உதவாது. ஆதலால் மேகப்படங்கள் ஜே.பி.இ.ஜி. என்னும் வேறோர் உருவில் வருகின்றன.

ஜே.பி.இ.ஜி. முறையின் வரலாறு இந்தியருக்குப் பெருமை தருவதாகும். 1940இல் பெங்களூரில் பிறந்து அங்கேயே பொறியியல் பயின்ற நசீர் அகமது, அமெரிக்காவிலுள்ள கான்ஸஸ் மாநிலப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்தார். படத்தின் எண்களைக் கோசைன் அலைகளாகப் பிரித்தால் அவற்றைப் பெரிதும் சுருக்கலாமென்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. இதனை ஆராய 1972இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் பொருளுதவி கோரினார், உதவி மறுக்கப்பட்டது. மதிப்பிட்ட நிபுணர்களில் ஒருவருக்கு இக்கருத்து மிகவும் எளிதானதாகத் தோன்றியதாம்! அகமது மனந்தளரவில்லை. தம்மிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த டி. நடராஜனையும், டெக்ஸாஸில் பணியாற்றிய தம் நண்பர் கே. ஆர். ராவையும் துணை கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ராவ் 1931இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக் கழகத்தின் பொறியியல் பட்டம் பெற்றவர். மூவர் பெயராலும் 1974 ஜனவரியில் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை நான்கே பக்கங்களைக் கொண்டது. 1986இல் கூடிய சர்வதேச நிபுணர் குழு இக்கோசைன் முறையையே அடிப்படையாக ஏற்று, 1992இல் ஜே.பி.இ.ஜி. தர விதியை வெளியிட்டது. இன்று வலைத்தளங்களிலும் கைபேசிகளிலும் காணும் புகைப்படங்களிற் பெரும்பாலானவை அந்நான்கு பக்கங்களுக்குக் கடன்பட்டவை எனலாம்.

அம்முறை செயற்படும் விதத்தை ஆசிரியர்கள் கட்டம் போட்ட தாளைக் கொண்டே மாணவர்களுக்கு விளக்கலாம். படம் முதலில் எட்டுக்கு எட்டாக, 64 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாக வெட்டப்படுகின்றது. ஒவ்வொரு சதுரத்திலுமுள்ள 64 எண்களும் வேறு 64 எண்களாக மாற்றப்படுகின்றன. முதல் எண், அச்சதுரத்தின் சராசரி ஒளியைக் கூறும். அடுத்து வருபவை, ஒளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மெதுவாக மாறுவதைக் கூறும். கடைசியில் உள்ளவை, புள்ளிக்குப் புள்ளி மாறும் மிக நுண்ணிய வரிகளைக் கூறும். இதுவரை எதுவும் சுருங்கவில்லை. 64 எண்கள் 64ஆகவே உள்ளன. ஆனால் சாதாரணப் படங்களில் முதற்சில எண்களே பெரியவையாகவும், பின்வருபவை மிகச் சிறியவையாகவும் அமைந்துவிடுகின்றன.

மனிதக் கண்ணின் இயல்பு இங்குதான் துணைக்கு வருகின்றது. பரந்த ஒளி வேறுபாட்டைக் கண் நுட்பமாக உணரும். நெருக்கமான நுண்வரிகளில் சிறிது பிழை நேர்ந்தால் அதனைக் கவனியாது. எனவே ஒவ்வோர் எண்ணையும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து முழு எண்ணாக்கி விடுகின்றனர். தர விதியில் உதாரணமாகத் தரப்பட்டுள்ள ஓர் அட்டவணையில் முதல் எண்ணுக்குரிய வகுக்கும் எண் 16; கடைசி எண்ணுக்குரியது 99. சிறிய எண்ணைத் தொண்ணூற்றொன்பதால் வகுத்தால் பூஜ்யந்தானே மிஞ்சும்? இவ்வாறு சதுரத்தின் பிற்பகுதி முழுவதும் பூஜ்யங்களாகிவிட, முன்னர்க் கூறியவாறு “பூஜ்யம், இத்தனை” என்று எழுதி முடித்துவிடலாம். நிறத்தைப் பொறுத்தமட்டில் கண் இன்னும் மந்தமானது. ஆகவே நிறத்தைக் குறிக்கும் எண்களில் பாதிக்கும் மேற்பட்டவை தொடக்கத்திலேயே கைவிடப்படுவதுண்டு. இவையனைத்தும் சேர்ந்து, மூன்றரைக் கோடி பைட்டுகளாக இருந்த நமது கைபேசிப் படத்தை ஏறத்தாழ நாற்பது லட்சம் பைட்டுகளாகக் குறைத்துவிடுகின்றன.

இத்தகைய சுருக்கம் வலைத்தளத்திற்கு மட்டும் உரியதன்று. 2005 மே 5ஆம் தேதியன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 துணைக்கோள் செலுத்தப்பட்டது. அத்தீவு அப்போது நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டம் அமைந்தபொழுது அதனுடன் இணைக்கப்பட்டது. இத்துணைக்கோளின் இரு காமிராக்களில் ஒவ்வொன்றும், தரையில் இரண்டரை மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம், ஒரு வரிக்கு 12,000 புள்ளிகளைப் பதிவு செய்தது. அதாவது 30 கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பட்டை. துணைக்கோளின் கீழே நிலம் வினாடிக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் வேகத்தில் நழுவுவதால், வினாடிக்குச் சுமார் 2,700 வரிகள். புள்ளிக்குப் பத்துப் பிட்டுகள் வீதம் பெருக்கிப் பார்ப்பின், ஒரு காமிராவே வினாடிக்கு 32 கோடிப் பிட்டுகளுக்கு மேல் தந்துகொண்டிருந்தது என்பது விளங்கும். பூமிக்கு அனுப்பும் வானொலிப் பாதையிலோ ஒரு காமிராவுக்கு வினாடிக்குப் பத்தரைக் கோடிப் பிட்டுகளே செல்ல இயலும். ஆகவே ஜே.பி.இ.ஜி. முறையைக் கையாண்டு மூன்றில் ஒரு பங்கிற்கும் சற்றே குறைவாகச் சுருக்கி அனுப்பினர். மலைக்கிராமத்துக் கைபேசிக்கும் விண்வெளியிலுள்ள துணைக்கோளுக்கும் உள்ள இடர் ஒன்றே: சொல்ல வேண்டியது மிகுதி, வழி குறுகல்.

இருப்பினும், எவ்வளவு சுருக்கலாம் என்ற வினாவுக்கு ஒரே விடை கிடையாது. எதற்காகப் பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்தது அது. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காதங்கி என்னும் ஊரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. அங்கே 1,024 ஆன்டெனாக்களைக் கொண்ட பெரிய ராடார், மேல்வளியின் அசைவுகளை நோக்குகின்றது. இத்தகைய கருவியின் அளவீடுகளைக் கண்ணுக்கு இனிதாகத் தோன்றும் வண்ணம் மழுக்கிச் சுருக்குவது, அளந்ததையே அழிப்பதற்கு ஒப்பாகும். ஆராய்ச்சிக்கு எண்கள் குறையாமல் இருக்க வேண்டும். பொதுமக்கள் காணும் பக்கத்திற்கு அவ்வெண்களிலிருந்து வரைந்த இலேசான படம் போதும்.

திருமலைக் கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 1930களில் தேவஸ்தானத்தார் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டனர். அத்தகைய கல்வெட்டொன்றின் மைப்படியைப் படமெடுத்துப் பள்ளியின் வலைத்தளத்தில் இடும் ஆசிரியர், அதனை மிகையாகச் சுருக்கிவிட்டால் நேர்வது யாது? எழுத்தின் கூரிய ஓரங்களைச் சுற்றிப் புகை போன்ற மங்கல் படர்கின்றது. மேலோட்டமாகக் கீறிய கோடு கல்லின் சொரசொரப்போடு கலந்து மறைகின்றது. ரகரத்தையும் துணைக்காலையும் வேறுபடுத்திப் படிப்பதே பழங்கல்வெட்டுகளில் கடினம். அவ்விடத்தில் இம்மங்கலும் சேர்ந்தால் படிப்பவர் தவறான சொல்லைக் கொள்ளக்கூடும். மேகப்படத்தின் மேல் அச்சிட்ட ஊர்ப் பெயர்களைச் சுற்றி அழுக்கு அப்பியதுபோல் தோன்றுவதும் இதனாலேதான்.

வயலில் இதன் விளைவு இன்னும் நேரடியானது. சித்தூர் வட்டாரத்தின் மானாவாரி நிலங்களில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வரும் நிலக்கடலையை டிக்கா எனப்படும் இலைப்புள்ளி நோய் தாக்குவதுண்டு. அதில் முன்பருவப் புள்ளி, பின்பருவப் புள்ளி என இருவகை. முன்னதைச் சூழ்ந்து தெளிவான மஞ்சள் வளையம் காணப்படும். பின்னது இலையின் அடிப்புறத்தில் கருமையாக இருக்கும். களப்பணியாளர் எடுத்த படம், செய்தி அனுப்பும் செயலியின் வாயிலாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்லுகையில் ஆங்காங்கே சுருக்கப்படுகின்றது. நிறமே முதலில் பலியாவது என்பதை மேலே கண்டோம். மெல்லிய அம்மஞ்சள் வளையம் பச்சையில் கரைந்துபோன பின், படத்தைப் பெறும் நிபுணர் எதனைக் கொண்டு தீர்மானிப்பார்? இலையைத் தூரத்திலிருந்து எடுத்துப் பெரிய படத்தை அனுப்புவதைக் காட்டிலும், புள்ளி படம் முழுவதும் நிறையுமாறு அருகிலிருந்து எடுத்து, செயலியில் ‘ஆவணம்’ என்ற வகையில் சுருங்காமல் அனுப்புவதே இங்கு ஏற்றது. இவ்விடத்தில் சிக்கனம் கூடாது.

இனி, அலுவலகத்திற்கோ பள்ளிக்கோ வலைத்தளம் பராமரிப்போர் செய்யத்தக்கவற்றைக் காண்போம். பலரும் முதலில் படத்தின் தரத்தைக் குறைக்க முற்படுகின்றனர், அது முறையன்று. அகலத்தையே முதலில் குறைக்க வேண்டும். கைபேசித் திரைகள் பெரும்பாலும் குறுக்கே 720 முதல் 1,080 புள்ளிகள் வரை கொண்டவை. அத்திரைக்கு 4,000 புள்ளி அகலமுள்ள படத்தை அனுப்புவது, ஒரு படி அரிசி கேட்டவருக்கு மூட்டையை அனுப்பி, எஞ்சியதை வாசலில் கொட்டச் சொல்வதைப் போன்றது. அகலத்தை 800 புள்ளிகளாகக் குறைத்து, பிறகு ஜே.பி.இ.ஜி. தர எண்ணை எழுபத்தைந்தை ஒட்டி வைத்தால், சாதாரணக் காட்சிப் படம் ஒரு லட்சம் பைட்டுகளுக்குள் அடங்கிவிடும். முன்பு கூறிய மெலிந்த இணைப்பில் அது ஒரு வினாடிக்குள் போய்ச் சேரும். காமிராவிலிருந்து வந்த வண்ணமே இட்டிருந்தால் அரை நிமிஷத்திற்கு மேலாகியிருக்கும்.

ஒரு முறை சுருக்கிய ஜே.பி.இ.ஜி. படத்தைத் திறந்து திருத்தி மறுபடியும் சேமித்தால், ஒவ்வொரு தடவையும் மேலும் சிறிது இழப்பு நேர்கின்றது. ஆதலின் மூலப்படத்தை நாளும் இடமும் குறித்துத் தனியே பாதுகாத்து, சுருக்கிய பிரதியை மட்டுமே பக்கத்தில் இடுக. ஜே.பி.இ.ஜி. விதியிலேயே படிப்படியாகத் தெளியும் வகை ஒன்றும் உண்டு. அதில் முழுப்படமும் முதலில் மங்கலாகத் தோன்றி, பைட்டுகள் வர வர நுட்பம் பெறும். மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக இறங்கும் மேகப்படத்தில், தன் மாவட்டம் அடியிலிருப்பின் இறுதிவரை காத்திருக்க வேண்டும். படிப்படியாகத் தெளியும் வகையிலோ மேகக்கூட்டம் எங்குள்ளது என்பது தொடக்கத்திலேயே புலப்பட்டுவிடும். 2010இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட வெப்-பி, 2019இல் வந்த ஏ.வி.ஐ.எஃப். ஆகிய புதிய உருவங்கள் அதே தோற்றத்தை இன்னும் குறைந்த பைட்டுகளில் தரவல்லவை. பழைய கைபேசிகள் சில இவற்றை அறியா, அவற்றுக்கென ஜே.பி.இ.ஜி. பிரதியையும் உடன் வைப்பது நலம். பக்கத்தின் அடியிலுள்ள படங்கள், வாசகர் அவ்விடத்தை நெருங்கும்பொழுது மட்டும் வருமாறும் அமைக்கலாம்.

இவை அனைத்தினும் பெரிய விரயம் ஒன்று உண்டு. அது விஞ்ஞானக் குறையன்று, வழக்கக் குறை. தட்டச்சுச் செய்த சுற்றறிக்கையைத் தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, கைபேசியால் படமெடுத்து, அப்படத்தை வலைத்தளத்தில் ஏற்றுவது பல அலுவலகங்களில் பழக்கமாகிவிட்டது. ஒரு பக்கத் தமிழ்ச் சுற்றறிக்கையில் ஏறத்தாழ 2,000 குறியீடுகள் இருப்பதாகக் கொள்வோம். யூனிகோட் முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டுகள். ஆக 6,000 பைட்டுகள். அதன் புகைப்படமோ முப்பது நாற்பது லட்சம் பைட்டுகள். எந்தக் கோசைன் முறையாலும் அதனை ஆறாயிரத்திற்குக் கொணர்ந்து, படிக்கவும் தக்கதாக வைத்திருக்க இயலாது. மேலும், எழுத்தாக இருப்பின் தேடலாம். பார்வையற்ற ஆசிரியர் தம் கருவியைப் படித்துக் காட்டச் செய்யலாம். விவசாயிக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் எடுத்து அனுப்பலாம். ஏரிக்கரையில் கசிவு, இன்னின்ன ஊரார் உடனே வெளியேறுக என்ற அறிவிப்பு படமாக வந்து, வெற்றுக் கட்டமாக நிற்குமானால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கையொப்பமிட்ட பிரதி தேவையெனில், எழுத்தை மேலே தந்து, பிரதியைத் தனி இணைப்பாகக் கீழே வைக்கலாம்.

சோதனையைப் பற்றியும் ஒரு சொல். தலைமையலுவலகத்தின் வேகமான இணைப்பில் எந்தப் பக்கமும் நொடியில் திறக்கும், அது சான்றாகாது. கணிப்பொறியின் உலாவியிலேயே இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கின்றது. அதனினும் சிறந்தது, முகாம் செல்லும் நாளில் பேருந்து கடைசியாக நிற்கும் ஊரில் இறங்கி, சில ஆண்டுகள் பழமையான கைபேசியொன்றில் தமது அலுவலகப் பக்கத்தைத் திறந்து, கடிகாரத்தைப் பார்ப்பதாகும். ஐந்தாறு வினாடிகளுக்குள் படம் தெளிவாகத் தோன்றாவிடில், திரும்பி வந்து மூலப்படத்தை எடுத்து, மேலும் சிறிய பிரதி ஒன்றைத் தயாரிக்க வேண்டியதுதான்.